திருக்கை பேசியிருக்கக் கூடாது

முதல் நாள் முதல் காட்சிக்கு
கீழக்கரையிலிருந்து பஸ் ஏறி
ராமநாதபுரம் போனோம்
நானும் ஷிபா லாத்தாவும்.
வீட்டில் சொன்ன காரணம்: பல் டாக்டர்.
இடைவேளைக்குள் நிஜமாகவே வலித்தது,
அவ்வளவு கடித்திருந்தேன்.

நுரைநாட்டுக் கதை ஆறு பாகம்.
ஆறிலும் அந்தத் திருக்கை
ஒரு சொல் பேசாது.
நானூறு வீடு, ஒரு சந்தை, இரண்டு கிணறு
எல்லாவற்றையும் முதுகில் வாங்கிக்கொண்டு
கடலடியில் கிடக்கும்.
அதற்குத் துக்கம் வந்தால்
கிணற்று நீர் கரிக்கும்.
அவ்வளவுதான்.
அதைப் படித்த இரவில்
எங்கள் வீட்டுக் கிணற்று நீரை
நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
கரித்தது.
(எங்கள் ஊரில் எந்தக் கிணறுதான் கரிக்காது,
அது வேறு விஷயம்.)

படத்தில் அது பேசுகிறது.
பத்தாவது நிமிடத்தில்,
குடத்துக்குள்ளிருந்து வரும் குரலில்,
தன் வயது, தன் வரலாறு, தன் நோக்கம்
எல்லாம் ஒப்பிக்கிறது
ஆண்டு விழாவில் நன்றியுரை வாசிப்பதுபோல.
அப்புறம் பறக்கிறது.

பறக்குமாம்.
எங்கள் ஜெட்டிக்கு ஒரு விடியற்காலை வாருங்கள் சார்.
ஈரச் சாக்கு மாதிரி கிடக்கும்.
அந்தக் கனம்தான் அதன் அழகு.

இப்பிக்கு இடது கால் சற்றுக் குட்டை.
ஒரு தட்டல், ஓர் இழுப்பு,
ஒரு தட்டல், ஓர் இழுப்பு.
இருட்டில் அதைக் கேட்டுத்தான்
ஊர் கதவு திறக்கும்.
எட்டாம் வகுப்பு முழுக்க
நானும் அப்படித்தான் நடந்தேன்,
உம்மா எலும்பு டாக்டரிடம் இழுத்துப்போகும் வரை.
திரையில் அவள் ஓடுகிறாள்.
சிவப்பாக, சீராக, முடி கலையாமல்.
பின்னால் நாற்பது பேர் ஆடுகிறார்கள்.

கச்சான் கோபக்காரன்,
வாடை கடன் கேட்டு வருபவள்,
கொண்டல் பாதியில் தூங்கிவிடும்,
சோழகத்துக்கு வழி மறந்துபோகும்.
நாலு காற்றுக்கும் நாலு குணம் இருந்தது.
படத்தில் ஒரே காற்று.
பெரிய ஃபேன்.

திரும்பும் பஸ்ஸில்
திருப்புல்லாணி தாண்டும் வரை கத்தினேன்.
லாத்தா தொதல் பொட்டலத்தைப் பிரித்தபடி
மெதுவாகக் கேட்டாள்:
"மூணாம் பாகம் ஞாபகம் இருக்கா?"

நூலகத்தில் அது இல்லை.
எடுத்தவர் கொழும்புக்கோ துபாய்க்கோ
கப்பலேறிவிட்டார்.
இரண்டிலிருந்து நாலுக்குப் போக
நானே ஒரு பாலம் கட்டினேன்
வாப்பாவின் பழைய கணக்கு நோட்டில்.
நாலில் இப்பியின் தம்பி இல்லை,
ஏன் என்று யாரும் சொல்லவுமில்லை.
ஆகவே என் மூன்றில் அவன்
தலையாரித் தீவில் ஒளிந்திருந்தான்,
நண்டு சுட்டுத் தின்றபடி.
வாசித்துக் காட்டினேன். லாத்தா அழுதாள்.

அசல் கிடைத்தது வெகுநாள் கழித்து,
மதுரையில், பழைய புத்தகக் கடையில்.
முப்பதாம் பக்கத்தில் செத்துப்போகிறான்.
ஒரே வரி. ஓர் அலை.
புத்தகத்தைச் சுவரில் எறிந்தேன்.
எழுதியவருக்கே கதை தெரியவில்லை என்றேன்.

அதற்குமேல் லாத்தா எதுவும் சொல்லவில்லை.
தொதலை நீட்டினாள்.
வாய் நிறையத் தொதலோடு
எவராலும் வாதாட முடியாது.

சரி. ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்.
தம்பி போன பிறகு
சந்தைக் கிணற்றில் வாளி இறக்குகிறாள்.
இசை இல்லை. வசனம் இல்லை.
ஒரு வாய் குடித்து, நின்று,
மிச்சத்தைச் சிந்தாமல்
கிணற்றுக்கே திருப்பி ஊற்றுகிறாள்.
அது புத்தகத்தில் இல்லை.
என் நோட்டிலும் இல்லை.
போய்விடலாமென்று எடுத்த பையை
மறுபடி மடியில் வைத்துக்கொண்டேன்.

உடனே திருக்கை ஆறுதல் சொல்ல ஆரம்பித்தது.

அடுத்த பாகம் அடுத்த வருஷமாம்.
உம்மாவிடம் இப்போதே சொல்லிவைத்தேன்:
கடைவாய்ப் பல்லில்
இன்னும் வேலை பாக்கி இருக்கிறது.